இருபத்தாறு பேர் வாயைக் கட்டிய திங்கட்கிழமை

ஒரே காலையில் இருபத்தாறு பேரை ஊமையாக்கிய அனுபவம் எனக்கு உண்டு. மந்திரமும் இல்லை, மருந்தும் இல்லை. கணினித் திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் ‘டிக்’ போட்டேன். அவ்வளவுதான்.

அதைவிடக் கேவலம், ஊமையாக்கியது நான்தான் என்பது எனக்கே தெரியாது. “பரவாயில்லையே, ஆபீஸ் எவ்வளவு அமைதியா இருக்கு, எல்லாரும் திருந்திட்டாங்க போல” என்று பகல் வரைக்கும் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. கோலா சிலாங்கூர் டவுனில், எண்ணெய் ஆட்டச் செம்பனைப் பழம் வாங்கும் ஒரு கம்பெனியின் கிளை அலுவலகத்தில் வேலை. எங்கள் ஆலை டவுனிலிருந்து இருபது நிமிடத் தூரம். தோட்டங்களிலிருந்து குலைகளை ஏற்றிக்கொண்டு லோரிகள் ஆலைக்குப் போகும். அங்கே எடை போடுவார்கள், பழம் பழுத்திருக்கிறதா காயா என்று தரம் பார்ப்பார்கள், டவுனில் இருக்கும் நாங்கள் ‘சரி’ என்று சொன்ன பிறகுதான் லோரி சரக்கை இறக்கலாம். நான் தினமும் புக்கிட் செந்தோசாவிலிருந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டி வந்து இந்த ‘சரி’ சொல்லும் ஆபீசில் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். நிம்மதியான வேலை. அதை நானே கெடுத்துக்கொண்டேன்.

கம்பெனியின் வேறொரு கிளையில் ஒரு வில்லங்கம் நடந்தது. பழம் வாங்குகிறவரும் தரம் பார்க்கிறவரும் கம்பெனியின் சாட் செயலியிலேயே கூடிப் பேசி, காய்க் குலைகளைப் பழம் என்று கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள். (திருடுவதுதான் திருடுகிறீர்கள், அதைக் கம்பெனி சாட்டிலா எழுதுவது?) கோலாலம்பூர் தலைமை அலுவலகம் அரண்டு போய் ஒரு கிளவுட் சாஃப்ட்வேர் வாங்கியது. இனிமேல் யார் யாருக்கு என்ன எழுதினாலும் அது அந்த மேகத்தில் பதிவாகும். சந்தேகமான வார்த்தை வந்தால் சிவப்பு விளக்கு எரியும். பழம் வாங்குகிறவரும் தரம் பார்க்கிறவரும் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பவே முடியாதபடி நடுவில் ஒரு சுவர் எழுப்பப்படும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கம்ப்ளையன்ஸ் அதிகாரி வேண்டும்.

எங்கள் கிளை மேனேஜர் மிஸ்டர் லிம் மீட்டிங்கில் கேட்டார், யார் செய்கிறீர்கள் என்று. எல்லாரும் மேசைக்கு அடியில் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி குனிந்துகொண்டார்கள். நான் மட்டும் ஏர்கோனில் தண்ணீர் சொட்டுகிறதா என்று நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஓகே, யோகேஸ்” என்றார் லிம். முடிந்தது.

இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பு. முடிவில் ஒரு சான்றிதழ். அதை கலரில் பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, மேசையில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி நிறுத்தி வைத்தேன். என் அம்மா புக்கிட் செந்தோசா மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது, “என் மவளுக்கு போலீஸ் மாதிரி வேல குடுத்துருக்காங்க. மேகத்துல இருந்து எல்லாரையும் பாக்குறா” என்று சொல்லியிருக்கிறார். மீன்காரர் அண்ணாந்து பார்த்தாராம்.

முதல் வேலை, வார்த்தைப் பட்டியல். ஆங்கிலத்திலும் மலாயிலும் சந்தேக வார்த்தைகளைத் தலைமை அலுவலகமே கொடுத்துவிட்டது. தமிழுக்கான பத்தி மட்டும் காலியாக இருந்தது. ‘நீங்களே நிரப்பவும்’ என்று குறிப்பு. தமிழ்ப் பள்ளியில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவளிடம் இப்படி ஒரு காலிப் பத்தியைக் கொடுக்கலாமா? லஞ்சம் பிரிவில் காசு, கவனிச்சிக்கலாம், யாருக்கும் சொல்லாதே, ரகசியம். மிரட்டல் பிரிவில் வெட்டு, அறு, கொல், தீர்த்துக்கட்டு. நூற்று நாற்பது வார்த்தைகள் எழுதிவிட்டுத்தான் எழுந்தேன்.

மறுநாள் காலை திரை முழுக்கச் சிவப்பு. ஆலையில் லோரி எடை போட்டுக் கணக்கு எழுதும் கிராணி முனியாண்டி அண்ணன் பெயரில் மட்டும் முப்பத்தெட்டு எச்சரிக்கைகள். அவர் முப்பது வருஷமாக அங்கே இருக்கிறவர், கம்போங் குவாந்தான் பக்கம் வீடு, ஓய்வு பெற ஆறு மாதம்தான் பாக்கி. கண் சரியாகத் தெரியாததால் கம்பெனி கொடுத்த போனில் வாயால் பேசியே தமிழில் செய்தி அனுப்புவார். அப்படிப்பட்ட மனிதர் கிளையில் மற்ற இருபத்தைந்து பேரையும் வெட்டப் போவதாக என் திரை சொன்னது.

போன் போட்டேன். “அண்ணே, என்னண்ணே எழுதியிருக்கீங்க? அறுபது டன் வெட்டுன்னு?”

“ஆமாம்மா. அறுபது டன் வெட்டு. தோட்டத்துல குலை வெட்டுனா வெட்டுன்னுதானம்மா சொல்லணும்?”

எனக்கு உறைத்தது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். என் அப்பாவே வெட்டுக்குப் போனவர். அந்த வார்த்தையை மிரட்டல் பட்டியலில் போட்டிருக்கிறேன். இந்த இடத்தில் புத்தியுள்ள யாரும் பட்டியலைத் திருத்தியிருப்பார்கள். நான் முனியாண்டி அண்ணனைத் திருத்தினேன்.

“சிஸ்டத்துல செவப்பா வருதுண்ணே. இனிமே அறுவடைன்னு சொல்லுங்க.”

அண்ணன் அந்த வார்த்தையை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு பணிவாகக் கேட்டார். “அதுலயும் அறு இருக்குதேம்மா?”

(அறுபதிலும் இருந்தது. ஒரு வாரம் ஆலையில் யாரும் அறுபது டன் எடை போடவில்லை. எல்லாம் ஐம்பத்தொன்பது, இல்லையென்றால் எழுபது. கொல்லைப் பக்கம் லோரியை நிறுத்தச் சொன்ன காவலாளிக்கும் என்னிடமிருந்து விசாரணைக் கடிதம் போயிருந்தது.)

இரண்டாவது வேலை, அந்தச் சுவர். திரையில் எல்லார் பெயரும் சின்னச் சின்னப் பெட்டிகளாக இருக்கும். பழம் வாங்கும் கோமதியை ஒரு பக்கம், தரம் பார்க்கும் மூன்று பேரை இன்னொரு பக்கம் இழுத்து வைக்க வேண்டும். மற்ற எல்லாரும் நடுவில். கோமதி என் பக்கத்து மேசைக்காரி, தினமும் ஒன்றாகச் சாப்பிடுகிறவள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவசரமாக இதைச் செய்தேன். ‘தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும்’ என்று ஒரு கட்டம், ‘அனைவருக்கும்’ என்று ஒரு கட்டம். எதில் டிக் போட்டேன் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அதோடு விட்டேனா, மூன்று மொழிகளில் ஒரு சுற்றறிக்கை. ‘திங்கள் முதல் கம்பெனி விஷயத்தைச் சொந்தக் கைப்பேசியில் பேசுகிறவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் வழங்கப்படும். இப்படிக்கு, யோகேஸ்வரி, கம்ப்ளையன்ஸ்.’ கடைசி வார்த்தைக்குத் தடித்த எழுத்து.

திங்கட்கிழமை வந்தது. காலை எட்டு மணிக்கு ஆளாளுக்கு முதல் செய்தியை அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே பதில் வந்திருக்கிறது. ‘ஒழுங்குமுறைக் காரணங்களுக்காக, இவரோடு தொடர்புகொள்ள உங்களுக்கு அனுமதி இல்லை. விவரங்களுக்கு: யோகேஸ்வரி.’ விவரம் கேட்க எனக்கு எழுதினாலும் அதே பதில்தான்.

சரி, அதே ஆபீசில்தானே இருக்கிறார்கள், எழுந்து வந்து கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் பின்னால் அதைத்தான் கேட்டேன். அந்தப் பதிலைப் பார்த்த ஒவ்வொருவரும் தன்மேல் மட்டும்தான் சந்தேகம் என்று நினைத்துவிட்டார்கள். பக்கத்து மேசைக்காரனுக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமே என்று யாரும் மூச்சு விடவில்லை. அக்கௌன்ட்ஸில் இருந்த பையன் ரெசுமே எழுத ஆரம்பித்துவிட்டான். கோமதி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“என்னடி, ஒரு மாதிரி இருக்க?” என்றேன்.

“பேச அனுமதி இல்லையாமே. நீதான போட்ட” என்று திரும்பிக்கொண்டாள்.

நான் என்ன நினைத்தேன்? சுவர் அருமையாக வேலை செய்கிறது என்று நினைத்தேன். கம்ப்ளையன்ஸ் அதிகாரிக்கு நண்பர்கள் இருக்க முடியாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை நினைத்து, கொஞ்சம் தியாகி மாதிரிகூட உணர்ந்தேன்.

பத்தேகால் மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. முனியாண்டி அண்ணன்.

“யோகேஸ், கோமதிகிட்ட கொஞ்சம் குடும்மா. லோரிங்கல்லாம்...”

“அண்ணே, சர்க்குலர் படிச்சீங்களா இல்லையா? எதுவா இருந்தாலும் சிஸ்டத்துல அனுப்புங்க.”

“சிஸ்டத்துல போவலம்மா.”

“போவும்ண்ணே. அனுப்புற விதத்துல அனுப்பணும்.”

“காலையில இருந்து அனுப்புறேம்மா. அனுமதி இல்ல, அனுமதி இல்லன்னு...”

அந்த நேரத்தில் அவர் சொன்னதை ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. நான் கேட்கவில்லை. வகுப்பில் படித்த ஒரு விஷயம் அப்போது சரியாக ஞாபகம் வந்து தொலைத்தது.

“அண்ணே, திரையில ஆகக் கீழ ஒரு மஞ்சப் பெட்டி இருக்கும் பாருங்க. அதுல என்ன சொன்னாலும் கண்டிப்பா போவும். அதுல சொல்லுங்க.” போனை வைத்துவிட்டேன். (போனை வைத்த விதத்திலும் ஒரு அதிகாரி மிடுக்கு இருந்தது.)

மஞ்சள் பெட்டியில் சொன்னால் போகும் என்பது உண்மைதான். எங்கே போகும் என்பதைத்தான் நான் மறந்துவிட்டேன். அது குற்றங்களைப் புகார் செய்யும் பெட்டி. நேராகத் தலைமை அலுவலகத்தின் கம்ப்ளையன்ஸ் தலைவி புவான் ரொஸ்னாவிடம் போகும். (‘புவான்’ என்றால் மலாயில் ‘மேடம்’.) அவருக்குத் தமிழ் தெரியாது என்பதால் சாஃப்ட்வேரே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுக்கும்.

எச்சரிக்கைக் கடிதத்துக்குப் பயந்து சொந்தப் போனைத் தொடாத அந்த நல்ல மனிதர், மஞ்சள் பெட்டியைத் திறந்து, கோமதியிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு இப்படிச் சொன்னார்:

“கோமதி, லோரிக்காரனுங்க காலையில இருந்து என் கழுத்த அறுக்குறானுங்க. அறுபது டன் வெட்டு வாசல்ல கெடக்குது, வெயில்ல நாறப் போவுது. நாப்பது கொல கீழ விழுந்துருச்சி. லிம் வேற வந்து உசிர எடுக்குறாரு. நம்ம யோகேஸ் எல்லாரு வாயையும் கட்டிப் போட்டுருச்சி. சர்ட்டிபிகேட்டு வாங்குனதுல இருந்து அந்தப் பொண்ணுக்குக் கால் தரையில படல. சீக்கிரமா ஆள அனுப்புலா.”

குலை என்பதைத்தான் அவர் வாய்வழக்கில் ‘கொல’ என்றார். போன் அதைத் திருத்தி ‘கொலை’ என்று எழுதிக்கொண்டது. மேகம் அதை வாங்கி ஆங்கிலமாக்கியது. புவான் ரொஸ்னாவின் திரையில் வந்தது சுருக்கமாக இதுதான்: காலை முதல் லோரி ஓட்டுநர்கள் கழுத்தை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். வெட்டப்பட்டவை வாசலில் கிடக்கின்றன, வெயிலில் நாற்றமெடுக்கப் போகின்றன. நாற்பது கொலைகள் விழுந்துவிட்டன. லிம் உயிர்களை எடுக்கிறார். எல்லாருடைய வாயும் கட்டப்பட்டுள்ளது. அந்தப் பெண்ணின் கால்கள் தரையைத் தொடவில்லை. விரைவாக ஆள் அனுப்பவும்.

புவான் ரொஸ்னா பதறிப்போய் எங்கள் கிளையில் ஒவ்வொருவருக்கும் செய்தி அனுப்பிப் பார்த்திருக்கிறார். என் சுவர் அவரையும் விட்டுவைக்கவில்லை. இருபத்தாறு பேரில் ஒருவரிடமிருந்தும் பதில் இல்லை. பிறகு ஆபீஸ் போனுக்கு அழைத்தார். நான்தான் எடுத்தேன்.

“யோகேஸ்வரியா?” மலாயில் மெல்லிய குரலில் கேட்டார். “உங்களால் தாராளமாகப் பேச முடியுமா?”

சோதிக்கிறார் என்று புரிந்துகொண்டேன். வகுப்பில் இதையும் சொல்லியிருந்தார்கள், திடீர்ச் சோதனை வரும் என்று.

“முடியாது, புவான்” என்றேன் கம்பீரமாக. “இங்கே யாரும் தாராளமாகப் பேச முடியாது. எல்லாம் கண்காணிப்பில் இருக்கிறது.”

ஒரு பெருமூச்சு கேட்டது. “எத்தனை பேர்?”

“இருபத்தாறு பேர், புவான். அத்தனை பேரும் கட்டுப்பாட்டில் இருக்கிறார்கள். ஒரு சத்தம் இல்லை.”

“உங்கள் கால்... தரையில்தான் இருக்கிறதா?”

பதவி வந்ததும் தலைக்கனம் வந்துவிட்டதா என்று எவ்வளவு நாசூக்காகக் கேட்கிறார் பாருங்கள் என்று வியந்தேன். “இன்னும் தரையில்தான் இருக்கிறது, புவான்” என்றேன் அடக்கமாக.

“நல்லது. அப்படியே இருங்கள். நாங்கள் வருகிறோம்.”

வருகிறார்கள்! தலைமை அலுவலகத்திலிருந்து என் வேலையைப் பார்க்க வருகிறார்கள். கீழே கடைக்கு ஓடிப்போய், உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாப் இருபது வாங்கினேன். சான்றிதழைத் துடைத்து வைத்தேன். தட்டில் கறிபாப்பை அடுக்கி முடிக்கவும் வாசலில் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். போலீஸ் கார். அதன் பின்னால் இன்னொன்று.

முதலில் இறங்கி வந்தவர் ஒரு தமிழர், பெயர் அட்டையில் பரமசிவம் என்று இருந்தது. சார்ஜன். கதவோரமாக நின்று மெதுவாக உள்ளே பார்த்தார்.

“இங்க யாரும்மா யோகேஸ்வரி?”

“நான்தான் சார்” என்றேன், தட்டை நீட்டியபடி. “கறிபாப் எடுத்துக்குங்க.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து என் காலைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

அடுத்த ஒரு மணி நேரம் எங்கள் ஆபீசில் நடந்தது எந்த எதிரிக்கும் நடக்கக் கூடாது. இன்னொரு கார் ஆலைக்குப் போய் மிஸ்டர் லிம்மையும் முனியாண்டி அண்ணனையும் கூட்டிக்கொண்டு வந்தது. லிம்முக்குத் தான் எதற்காக போலீஸ் காரில் உட்கார்ந்திருக்கிறோம் என்றே தெரியவில்லை. வழியெல்லாம் “வாசலில் கிடப்பது எத்தனை?” என்று கேட்டிருக்கிறார்கள். அவரும் “அறுபது டன்” என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். பதினொன்றே முக்காலுக்கு புவான் ரொஸ்னா வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். நேராக என்னிடம் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “உயிரோடு இருக்கிறாயே” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும், “நன்றி, புவான்” என்றேன்.

பிறகு அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து சார்ஜனிடம் கொடுத்தார். மேலே ஆங்கிலம், கீழே தமிழ் மூலம். சார்ஜன் பரமசிவம் தமிழை வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தார். பாதியில் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார்.

“புவான்” என்றார் கடைசியில். “இது கொலை இல்லை. குலை. செம்பனைக் குலை.”

புவான் ரொஸ்னாவுக்கும் லிம்முக்கும் விளங்கவில்லை. எனவே அவர் ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்து, மலாயில் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. கழுத்தை அறுக்கிறார்கள் என்றால் நச்சரிக்கிறார்கள். உயிரை எடுக்கிறார் என்றால் விரட்டுகிறார். (லிம் இதைக் கேட்டுத் தலையை ஆட்டினார், உண்மைதான் என்கிற மாதிரி.) நான் சுவரோடு சுவராக நின்றேன். என் பெயர் வரப்போகிறது என்று எனக்குத் தெரியாது. வந்தது. வாயைக் கட்டிப் போட்டது வந்தது. சர்ட்டிபிகேட் வந்தது.

“கால் தரையில் படவில்லை என்றால்...” சார்ஜன் என்னைப் பார்த்துத் தயங்கினார். “கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது என்று அர்த்தம், புவான்.”

ஆபீசில் இருந்த அத்தனை பேரும் நின்று கேட்டார்கள். காலையிலிருந்து பேசாத ஆபீஸ் முதல்முறையாகச் சத்தம் போட்டது. சிரிப்புச் சத்தம். கோமதிதான் முதலில் ஆரம்பித்தாள்.

மிஸ்டர் லிம்மின் பயம் தெளிந்ததும் கோபம் வந்தது. “புகார்ப் பெட்டியில் லோரிக் கதையைப் பேசியது யார்? முனியாண்டிக்கு எச்சரிக்கைக் கடிதம். இன்றைக்கே” என்றார்.

முப்பது வருஷத்தில் அவர் பெயரில் ஒரு கடிதம் போனதில்லை. ஆறு மாதத்தில் மாலை போட்டு அனுப்ப வேண்டியவர். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் தட்டில் மிச்சமிருந்த கறிபாப்பைப் பார்த்தேன்.

சொல்ல வேண்டியது ஒரே வரி. ‘நான்தான் அவரை அந்தப் பெட்டியில் பேசச் சொன்னேன்.’ அந்த ஒரு வரி வெளியே வரவில்லை. அன்று பட்ட அவமானம் போதாதா, இன்னும் வேண்டுமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களுக்கு நான் போட்ட அந்தச் சுவர் கடைசியில் என் வாயையே அடைத்த மாதிரி நின்றேன்.

“என் தப்புதான் பாஸ்” என்றார் முனியாண்டி அண்ணன். “வயசாச்சி. எந்தப் பெட்டின்னு தெரியல. பாத்து அமுக்கியிருக்கணும்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “இல்ல பாஸ்” என்று கத்தியே விட்டேன். “அவர் போன் பண்ணி என்கிட்ட சொன்னாரு. நான்தான் கேக்கல. மஞ்சப் பெட்டியில பேசச் சொன்னதும் நான்தான்.” தமிழில் கத்தினேன். சார்ஜன் அதையும் பொறுமையாக மலாயில் சொன்னார்.

புவான் ரொஸ்னா சார்ஜனிடமிருந்து அந்தத் தாளை வாங்கி மடித்தார். “இந்த மனிதரை இன்று விலங்கு போட்டுக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள், யோகேஸ். தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

பிறகு அந்த டிக்கை எடுக்கச் சொன்னார். அதற்கு இன்னொரு நாற்பது நிமிடம். எங்கே இருக்கிறதென்று தெரியாமல் நான் சாஃப்ட்வேர் விற்ற கம்பெனியின் உதவி எண்ணுக்கு போன் போட்டால், ஓர் இனிமையான குரல், “உங்கள் பிரச்சினையை சாட்டில் எழுதி அனுப்புங்கள்” என்றது. சாட்தான் பிரச்சினை என்றேன். “அந்தப் பிரச்சினையைச் சாட்டில் எழுதி அனுப்புங்கள்” என்றது. காலையில் நான் பேசியது முனியாண்டி அண்ணனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் புவான் ரொஸ்னா போனைப் பிடுங்கி நான்கு வார்த்தை பேசினார். ஐந்து நிமிடத்தில் சுவர் இடிந்தது.

செம்பனைப் பழம் வெட்டிய பிறகு காத்திருக்காது. நேரம் ஆக ஆக எண்ணெய் கெட்டுப்போகும். அதனால் அன்று மத்தியானம் நானும் ஆலைக்குப் போனேன். சாலை வரைக்கும் லோரிகள் வரிசை. ஓர் ஓட்டுநர் என்னைக் காட்டி, “இதுதானா அந்த மேடம்?” என்று கேட்டார். நான் கொதிக்கிற வெயிலில் நின்று, ஒவ்வொரு லோரி எண்ணையும் தாளில் பென்சிலால் எழுதி, சிஸ்டத்தை நம்பாமல் ஆபீசில் இருந்த கோமதிக்கு போனில் கத்திச் சொல்லி, ‘சரி’ வாங்கிக் கொடுத்தேன். கடைசி லோரி இறக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. பழம் தப்பித்தது. என் குரல் போய்விட்டது.

முனியாண்டி அண்ணன் தன் தண்ணீர் போத்தலை நீட்டினார்.

“ஏண்ணே உங்க தப்புன்னு சொன்னீங்க?” என்று கரகரத்தேன்.

“நீ நின்ன நெலமையப் பாத்தேன்மா. கையில கறிபாப் தட்டு. பாவமா இருந்துச்சி.”

அடுத்த வாரம் கோமதியைப் பழம் வாங்கும் வேலையிலிருந்து மாற்றி, கம்ப்ளையன்ஸ் பொறுப்பை அவளிடம் கொடுத்தார்கள். அவள் என் நூற்று நாற்பது வார்த்தைகளைப் பதினொன்றாகக் குறைத்தாள். முனியாண்டி அண்ணன் கடிதம் எதுவும் இல்லாமல், மாலையோடு ஓய்வு பெற்றார்.

ஆனால் வீட்டில் எனக்கு மன்னிப்புக் கிடைக்கவில்லை. அன்று நான் புக்கிட் செந்தோசா வந்து சேருவதற்கு முன்பே செய்தி வந்து சேர்ந்திருந்தது. எப்படி வந்தது என்று யாரும் சொல்லவில்லை. அது ஏன் என்று எனக்குப் புரிய மூன்று வருஷம் ஆனது.

மூன்று வருஷம் கழித்து ராவாங்கில் என் அக்கா புது வீட்டுக்குப் பால் காய்ச்சினாள். ஒன்பது மணிக்கு என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அன்று என் கணவர் சரவணன் விடிவதற்குள் என்னை எழுப்பி, “கிளம்பு, ஏழு மணிக்கு மாத்திட்டாங்க” என்றார்.

“யாரு சொன்னா?”

“குரூப்புல போட்டுருந்தாங்களே.”

சொன்ன வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்.

“எந்தக் குரூப்பு?”

போலீஸ் வந்த அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே, என்னை மட்டும் விட்டுவிட்டு ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்திருக்கிறார்கள். முப்பத்தொரு பேர். என் அம்மா, அக்கா, அண்ணன், சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள், கட்டிய புருஷன் எல்லாரும் உள்ளே. பெயர், ‘பயமில்லாமப் பேசலாம்’. கல்யாணம், சண்டை, சமையல் எல்லாம் மூன்று வருஷமாக அதில்தான் நடந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த குடும்ப குரூப்பில் காலை வணக்கம் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

நான் போட்ட சத்தத்தில் பால் பொங்குவதற்குள் என்னையும் சேர்த்துவிட்டார்கள். ‘வரவேற்கிறோம் மேடம்’ என்று அண்ணன் எழுதினான். அதற்குப் பிறகு நான்கு நாள் அந்தக் குரூப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ரோஜாப் பூப் படம் மட்டும் வந்தது. ஐந்தாம் நாள் அம்மாவின் குரல் பதிவு ஒன்று வந்தது.

“சரவணா, இதுல யோகேஸ் இருக்காளா? நேத்து புதுசா ஒன்னு தொறந்தீங்களே, அதுல பேசணுமா இதுல பேசணுமா? எனக்கு ஒன்னும் வெளங்கல.”

ஒரு நிமிடத்துக்குள் யாரோ பதறி அதை அழித்துவிட்டார்கள். அதற்குள் நான் இரண்டு முறை கேட்டுவிட்டேன்.